குடியேறிய சொல்

ஓசூரில் பத்திரம் எழுதுபவரின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கிரயமா, செட்டில்மெண்டா?" என்பதுதான். வந்திருப்பது வயதான அம்மாவும் மகனும் என்றால் அந்தக் கேள்விகூட வராது. "தான செட்டில்மெண்ட்தானேம்மா?" என்று தானே முடிவு செய்துகொண்டு மூலப்பத்திரத்தை வாங்கிப் புரட்டத் தொடங்குவார். அங்கிருந்து சிப்காட் பக்கம் போனால், ஷிப்ட் மாறும் நேரத்து டீக்கடையில் அதே சொல் வேறொரு முகத்தோடு நிற்கும். "என்னண்ணா, செட்டில்மெண்ட் ஆயிடுச்சா?" கேட்கப்பட்டவர் நிரந்தரத் தொழிலாளி என்றால் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானதா என்று பொருள், முகம் மலரும். வேலையை விட்டவர், அல்லது விடச் சொல்லப்பட்டவர் என்றால், பாக்கிச் சம்பளமும் பணிக்கொடையும் கைக்கு வந்ததா என்று பொருள். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். கிருஷ்ணகிரி நீதிமன்ற வாசலில் விபத்து வழக்குக்காக நிற்பவர்கள் "செட்டில்மெண்டுக்குப் பேசிட்டிருக்காங்க" என்கிறார்கள். கல்யாணம் பேசப் போன வீட்டில், "பையன் செட்டில் ஆயிட்டாரா?"

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. வீட்டில் எந்த மொழி பேசினாலும் இந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்த்துக் கேட்டதில்லை. அப்படி நம் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. பிறகு ஒருநாள் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: இந்தச் சொல் தென்னிந்தியாவில் வேர்பிடித்த முதல் இடங்களில் ஒன்று நம்முடைய கிருஷ்ணகிரிச் சீமைதான். தொழிற்சாலைகள் வருவதற்கு 180 ஆண்டுகள் முன்பே அது இங்கே வந்துவிட்டது.

ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை.

பழைய ஆங்கிலத்தில் 'செட்ல்' என்றால் உட்காரும் இடம், இருக்கை. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்கு 'உட்கார வைத்தல்' என்றே முதற்பொருள். நம் 'இரு' என்ற வேர் எப்படி இருக்கையாகவும் இருப்பாகவும் குடியிருப்பாகவும் கிளைத்ததோ, ஏறக்குறைய அப்படியே அதுவும் கிளைத்தது. இங்கிலாந்தின் வழக்கறிஞர்கள் அதைச் சொத்துக்குக் கொண்டுபோனார்கள். 17ஆம் நூற்றாண்டில் நிலவுடைமைக் குடும்பங்கள் எஸ்டேட்டை அடுத்த வாரிசு விற்றுத் தின்றுவிடாமல் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட எழுதிய ஆவணத்துக்குப் பெயர் செட்டில்மெண்ட். மகள் கல்யாணத்தின்போது எழுதப்படும் சொத்து ஏற்பாட்டுக்கும் அதே பெயர். 1701இல் அரியணையையே அப்படி எழுதிவைத்தார்கள்: இங்கிலாந்தின் முடி ஹனோவர் இளவரசி சோபியாவுக்கும் அவர் வழிவந்த புரோட்டஸ்டண்ட் வாரிசுகளுக்கும்தான் என்று நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரும் செட்டில்மெண்ட் சட்டம்தான். அந்த ஏற்பாட்டின் வழியில்தான் இன்றைய மன்னரும் அமர்ந்திருக்கிறார்.

இவை பெரிய மனிதர்களின் செட்டில்மெண்ட்கள். ஏழைகளுக்கும் அதே காலத்தில் ஒன்று இருந்தது. ஓசூரில் வாழ்கிற நான் அதைப் படித்த பிறகு சில நாள் வேறு எதையும் யோசிக்க முடியாமல் இருந்தேன்.

1662இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு ஏழைக்கும் 'செட்டில்மெண்ட்' உள்ள பங்கு, அதாவது அவர் சேர்ந்த தேவாலய வட்டாரம், ஒன்று உண்டு. பசித்தாலும் நோய்ப்பட்டாலும் அந்த வட்டாரம்தான் உதவும். வேறொரு வட்டாரத்துக்குப் பிழைக்கப் போனவர் அங்கே பாரமாகிவிடுவார் என்று தோன்றினால், வந்த 40 நாளுக்குள் புகார் கொடுத்து அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள இடத்தில் குடியிருக்க வசதி உள்ளவரைத் தொட முடியாது, இல்லாதவரைத் தொடலாம். 1691இல் ஒரு திருத்தம் வந்தது. மணமாகாத ஒருவர் ஓர் இடத்தில் முழுதாக ஓராண்டு வேலைக்கு அமர்த்தப்பட்டு உழைத்தால், அந்த இடத்திலேயே அவருக்கு செட்டில்மெண்ட் உரிமை பிறந்துவிடும்.

உடனே முதலாளிகள் 51 வாரத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள்.

ஒரே ஒரு வாரம். அந்த ஒரு வாரம் குறைந்தால் அவர் எப்போதும் வெளியூர்க்காரர். ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய தன் நூலில் இந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். உழைப்பவன் விரும்பிய இடத்தில் குடியிருக்கும் இயல்பான உரிமையை அது மீறுகிறது என்பது அவர் வாதம். வேலையால் பிறக்கும் இந்த உரிமையை 1834இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். இந்த 51 வாரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஓசூருக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் வரி வசூலிக்கத் தொடங்கியபோது, யாரிடம் எவ்வளவு என்று முடிவு செய்யும் வேலைக்கு முகலாய அலுவலகங்களில் ஏற்கெனவே ஒரு பாரசீகச் சொல் இருந்தது: பந்தோபஸ்து. கட்டுவதும் இறுக்குவதும் என்று அதற்குப் பொருள். வட இந்தியாவில் நிலவரி ஏற்பாட்டுக்கு இன்றும் அதுதான் பெயர். கம்பெனிக்காரர்கள் அதற்கு இணையாகத் தங்கள் ஊர்ச் சொல்லான செட்டில்மெண்டை எடுத்தார்கள். குடும்பச் சொத்துக்கும் ஏழையின் வட்டாரத்துக்கும் அரியணைக்கும் புழங்கிய சொல் இப்படி வரிக்கணக்குக்குள் நுழைந்தது. தமிழில் பந்தோபஸ்து வேறு வேலைக்குப் போய்விட்டது. தேர்த் திருவிழாவுக்கு எத்தனை போலீஸ் என்பதைச் சொல்ல மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் 1793இல் ஜமீன்தார்களோடு செய்துகொண்ட ஏற்பாடு 'நிரந்தர செட்டில்மெண்ட்' என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்பே இங்கே வேறொரு சோதனை தொடங்கிவிட்டது.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். பாரமகாலும் சேலமும் கம்பெனியிடம் வந்தன. பன்னிரண்டு மகால் என்பதால் பாரமகால். கிருஷ்ணகிரி அதன் முக்கியமான கோட்டை. சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகள் உள்ளூர் மொழி தெரியாதவர்கள் என்பதால் காரன்வாலிஸ் அவர்களை நம்பவில்லை. ராணுவத்தில் உளவுக்கும் தானியக் கொள்முதலுக்கும் பொறுப்பாக இருந்து ஊர்ஊராய்ப் பழகிய கேப்டன் அலெக்சாண்டர் ரீடை அனுப்பினார். ரீடுக்கு மூன்று உதவியாளர்கள்: வில்லியம் மெக்லியோட், ஜேம்ஸ் கிரஹாம், தாமஸ் மன்றோ. மூவரும் பட்டாளத்துக்காரர்கள். மன்றோவுக்குத் தர்மபுரி. 1799 வரை ஏழு ஆண்டுகள் அங்கேதான் இருந்தார்.

ரீட் முதலில் எல்லோரும் செய்ததையே செய்தார்: ஊர்த் தலைவர்களோடு ஏற்பாடு. தலைவர் மேலே ஒரு தொகை கட்டுவார், கீழே என்ன வாங்குகிறார் என்பது தெரியாது. கணக்குகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அது பிடிபட்டது. ஆகவே வயல்வயலாக அளக்கச் சொன்னார். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தீர்வை. அந்த வயலை உழுபவரோடு நேரடியாக ஏற்பாடு, இடையில் யாரும் இல்லை. 1796 டிசம்பரில் குடியானவர்களுக்கு ஒரு பிரகடனம் வெளியிட்டார். தீர்வையை ஒழுங்காகக் கட்டும்வரை வயல் உன்னுடையது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். ஆண்டுதோறும் குடியானவர் தன் நிலத்தை வைத்துக்கொள்ளவும் விடவும் கூடிய இந்த ஏற்பாடே பிறகு ரயத்துவாரி என்று பெயர் பெற்றது. பட்டா என்ற சொல் நம் வீட்டுப் பீரோவுக்குள் நுழைந்த வழி இது.

ரீட், மன்றோ பற்றிப் பேசும்போது நம்மூரில் ஒரு நெகிழ்ச்சி வந்துவிடுகிறது. பிற்காலத்தில் சென்னை கவர்னரான பின்னும் குதிரையில் ஊர்சுற்றி, 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோன மன்றோ அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் அந்த நெகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தத் தீர்வை கனமானது. வயலை விட்டுவிடும் உரிமை அழகாகத்தான் இருக்கிறது. மழை பொய்க்கும் கிருஷ்ணகிரியில் வயலை விட்டவன் எங்கே போவான் என்பதற்கு அந்தப் பிரகடனத்தில் பதில் இல்லை. செட்டில்மெண்ட் என்று அவர்கள் சொன்னபோது உட்கார வைத்தது வரியைத்தான்.

'தீர்வை' என்று நம் முன்னோர் அதைத் தமிழாக்கினார்கள். மிகச் சரியான தமிழாக்கம். தீர் என்ற வேரிலிருந்துதான் தீர்வு, தீர்ப்பு, தீர்வை எல்லாம். கணக்கு தீர்த்தல் என்றால் பாக்கியில்லாமல் முடித்தல். ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது உட்காருதல். தமிழ்ச் சொல்லின் வேரில் இருப்பது முடிதல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தச் சொல்லின் வாழ்க்கை முழுவதும் ஓடுகிறது: ஒருவரை இருக்க வைப்பதா, ஒருவரின் கணக்கை முடித்து அனுப்புவதா?

ரீடின் சோதனை உடனே நிலைக்கவில்லை. வங்காளத்தைப் பார்த்து சென்னை அரசும் 1802இல் நிரந்தர செட்டில்மெண்ட் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. அளந்த வயல்களையெல்லாம் கூறு கூறாகச் சேர்த்து மிட்டா என்று பெயரிட்டு ஏலம் விட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். வசதியானவனைப் பார்த்து "பெரிய மிட்டா மிராசு" என்று சொல்கிறோமே, அதில் உள்ள மிட்டா இதுதான். பல மிட்டாதார்கள் கிஸ்தி கட்ட முடியாமல் தவணை தவறினார்கள். மிட்டாக்கள் ஒவ்வொன்றாக சர்க்காருக்கே திரும்பின. 1820இல் மன்றோ கவர்னராக வந்ததும் ரயத்துவாரி மறுபடி எழுந்து நின்றது.

ஓசூர் இந்தக் கதையில் சற்றுப் பின்னால் சேர்ந்த ஊர். 1792இல் அது திப்புவிடமே இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு பாலகாட் என்ற பெயரோடு சேலம் ஜில்லாவில் சேர்க்கப்பட்டது. அன்று போட்ட கோடு ஏறக்குறைய இன்றைய மாநில எல்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஏக்கரை 40 குண்டையாகப் பிரிக்கிறார்கள். இந்தப் பக்கம் ஜுஜுவாடியில் 100 சென்ட். ஒரே பாறை, ஒரே செம்மண், ஒரே ராகி. பாகலூர், பேரிகை, சூளகிரி பாளையங்கள் தனிக் கணக்கில் நீடித்தன. மற்ற ஊர்களில் மணியக்காரரும் கர்ணமும் கணக்கு எழுதினார்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் கிராம முன்சீப்பாக இருந்த ஒருவரின் வீட்டில் 1878இல் பிறந்த பிள்ளைதான் ராஜாஜி. செட்டில்மெண்ட் கணக்கின் கடைசிப் படியில் இருந்த குடும்பத்திலிருந்து இந்தியாவின் கவர்னர் ஜெனரல் வந்தார். பரம்பரைக் கர்ணமும் மணியமும் 1980இல் எம்.ஜி.ஆர். அரசு எடுக்கும்வரை இருந்தன.

சுதந்திரத்துக்குப் பின் 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. ஜமீனும் இனாமும் போன இடங்களில் யாருக்குப் பட்டா என்று விசாரிக்க வந்தவரின் பதவிப் பெயர் செட்டில்மெண்ட் தாசில்தார். அந்த விசாரணையில் பெயர் ஏறியவர் பிழைத்தார். கூப்பிட்ட நாளில் ஊரில் இல்லாதவர், காகிதம் இல்லாதவர், எழுதத் தெரியாதவர் விடுபட்டார். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திலும் (யு.டி.ஆர்.) அதுவே நடந்தது. "யு.டி.ஆர்ல பேரு மாறிப்போச்சு சார்" என்ற வாக்கியத்தை இன்றும் தாலுகா அலுவலகத் திண்ணையில் கேட்கலாம். அரசின் துறைக்குத் தமிழில் 'நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறை' என்று பெயர். அந்தத் 'திட்டம்'தான் பழைய செட்டில்மெண்ட். இவ்வளவு நல்ல பெயர் வைத்தும் மக்கள் அதைச் சொல்வதில்லை.

இதே சொல்லுக்கு ஒரு கொடிய காலமும் உண்டு. 1871இல் பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைக் குடும்பத்தோடு அடைத்துவைத்த இடங்களுக்கும் செட்டில்மெண்ட் என்றே பெயர் வைத்தார்கள். விருத்தாசலம் பக்கம் அஜீஸ் நகர், ஆந்திரக் கரையில் ஸ்டூவர்ட்புரம். உட்கார வைப்பது என்ற சொல் அங்கே எழுந்து நடமாட விடாமல் செய்வது என்றானது. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் போனது.

இனி பத்திர அலுவலகத்துக்குத் திரும்பலாம். இந்தச் சொல் மிகவும் மென்மையாகப் பேசும் இடம் அதுதான். மிகவும் காயப்படுத்துவதும் அங்கேதான்.

1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் செட்டில்மெண்ட் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. உயில் அல்லாத எழுத்து மூலமான ஏற்பாடு. திருமணத்தை முன்னிட்டோ, குடும்பத்தாருக்கும் தன்னைச் சார்ந்தவர்களுக்கும் சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்கவோ, மத தர்ம காரியத்துக்கோ எழுதுவது. உயிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்திரம் எழுதுபவர்கள் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: "உயில்னா நீங்க போன பின்னாடி, செட்டில்மெண்ட்னா இப்பவே." அந்த 'இப்பவே' என்பதன் எடை பல தாய்மார்களுக்குக் கையெழுத்துப் போடும்போது தெரிவதில்லை. உயிலைச் சாகும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்டைச் சட்டம் தானமாகவே பார்க்கிறது. பிள்ளை ஏற்றுக்கொண்டு பதிவும் ஆகிவிட்டால் மனம் மாறியது என்பதற்காகத் திரும்ப வாங்க முடியாது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆக்கினார்கள். அந்நியருக்கு விற்பதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஓசூரில் நிலமதிப்பு ஏறிய வேகத்தில் இந்தச் சலுகையே பல வீடுகளில் அவசரத்தை உண்டாக்கியது. "கைடுலைன் ஏறப்போகுதாம், இப்பவே எழுதிடலாம்மா" என்று மகன் சொல்வான். பொய் சொல்லவில்லை. ஆனாலும்.

பத்திரத்தின் நடை வெகு அழகு. 'உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று அது தொடங்கும். ஆங்கிலேய வழக்கறிஞர்கள் தங்கள் குடும்ப ஆவணங்களில் பணம் கைமாறாததற்குக் காரணமாக எழுதிவந்த 'இயற்கையான அன்பும் பாசமும்' என்ற தொடர்தான் இது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் அதை ஏற்றுக்கொண்டு, நெருங்கிய உறவினருக்கு அன்பின் பேரில் எழுதிப் பதிவு செய்ததற்குப் பணம் கைமாறியிருக்க வேண்டியதில்லை என்கிறது. அங்கிருந்து புறப்பட்ட வாய்ப்பாட்டை நம் பத்திர எழுத்தர்கள் தங்கள் சொந்தக் குரலில் மாற்றிக்கொண்டார்கள். 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று வாசிக்கும்போது ஒரு தாலாட்டின் கதி வந்துவிடும். அனுபவமுள்ள எழுத்தர்கள் வயதானவரைத் தனியாக அழைத்து ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்பதுண்டு: 'என் ஆயுள் காலம் வரை நானே குடியிருந்து அனுபவித்துக்கொண்டு'. உட்கார இடம் என்ற பழைய வேர்ப்பொருள் அந்த ஒரு வரியில் மட்டும் உயிரோடு இருக்கிறது. எவ்வளவோ பேர் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் எதுக்குப்பா, எம் பையன் பாத்துக்குவான்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அப்படிச் சொன்னவர்களுக்காக வந்தது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டால் அந்த ஆவணம் செல்லாது என்று அறிவிக்க அதன் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. மனு போக வேண்டியது கோட்ட அளவிலான தீர்ப்பாயத்துக்கு. ஓசூரில் சப் கலெக்டர் அலுவலகம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பது நீண்ட காலம் வழக்குகளில் முட்டிக்கொண்டிருந்த கேள்வி. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக்கொடுக்கப்பட்டது என்றாலே பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னது. வாய்ப்பாடாக எழுதப்பட்டு, வாய்ப்பாடாகவே வாசிக்கப்பட்ட ஒரு தொடரை நீதிமன்றம் சொல்லுக்குச் சொல் நம்பியது. எனக்கு இது பெரிய செய்தியாகப் பட்டது.

தொழிற்சாலைகள் வந்தது 1970களில். சிப்காட் 1971இல் தொடங்கி அதே பத்தாண்டில் ஓசூருக்கு வந்தது. பின்தங்கிய பகுதிக்கான சலுகை, 40 கிலோமீட்டரில் பெங்களூர், ஏராளமான மானாவாரி நிலம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மொபட், 1980களின் நடுவில் டைட்டன். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஐ.டி.ஐ. முடித்து ஒரு தகரப் பெட்டியோடு வந்த இளைஞர்கள் "இங்கேயே செட்டில் ஆயிட்டோம்" என்று சொல்லும் தாத்தாக்களாகிவிட்டார்கள்.

அவர்கள் வாயில் செட்டில்மெண்டுக்கு எண்கள் உண்டு. "பன்னிரண்டு மூணா, பதினெட்டு ஒண்ணா?" 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் பிரிவுகள் அவை. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சில் போடப்படுவது 12(3). அது ஆலையில் உள்ள எல்லோரையும், நாளை சேரப்போகிறவரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது 18(1). கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். பள்ளிப்படிப்பைத் தாண்டாத ஒரு ஃபிட்டர் இந்த வேறுபாட்டை வக்கீலைவிடத் துல்லியமாகச் சொல்வார், ஏனென்றால் எந்தச் சங்கம் கையெழுத்திட்டது என்பதில் அவருடைய மூன்று ஆண்டுச் சம்பள உயர்வு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்துவிட்டது. பழைய எண்கள் சட்டப் புத்தகத்திலிருந்து போகின்றன. டீக்கடைகளிலிருந்து எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

இப்போது அந்த 51 வாரம். 1981இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். இந்தியாவில் வேறு பல மாநிலங்கள் செய்யாததை நம் மாநிலம் செய்தது. '480 நாள் சட்டம்' என்று அதற்கு இங்கே பெயர். சட்டம் வந்ததும் எண்ணிக்கையும் வந்தது. 480ஐத் தொடும் முன் ஒரு 'பிரேக்'. பெயர் மாற்றி டிரெய்னி. ஒப்பந்ததாரர் மாறினால் புதிய அட்டை, புதிய நாள் ஒன்று. என் வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு தம்பி இரண்டு ஆண்டுகளில் ஒரே எந்திரத்தில் மூன்று வெவ்வேறு அடையாள அட்டையோடு நின்றான். மூன்று முறையும் அவனுக்கு 'ஃபுல் செட்டில்மெண்ட்' கிடைத்தது. கடைசி முறை ஊருக்குப் போகும்முன் வாடகை பாக்கியைக் கொடுக்க வந்தவன், "கணக்கு முடிச்சுட்டாங்க அக்கா" என்றான். செட்டில்மெண்ட் என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் உட்காரும் இடம் அவனுக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை என்பதை அவனுடைய தமிழ் சரியாகவே அறிந்திருந்தது.

கணக்கு முடிப்பதற்கும் விதிகள் உண்டு, அவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்குப்படி, நிறைவு செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையிலிருந்து விலகினாலும் விலக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தந்துவிட வேண்டும் என்கிறது. 'எனக்கு வரவேண்டியது அனைத்தும் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். தொகையைப் பார்க்கும் முன் அதில் கையெழுத்திடாதீர்கள் என்று சங்கத்துக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ராஜிநாமா என்ற சொல்லுக்கும் இதே போன்ற ஒரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. பாரசீகத்தில் அது சம்மதச் சீட்டு. கோர்ட்டில் இரு தரப்பும் சமாதானமாகிக் கொடுக்கும் பத்திரம். செட்டில்மெண்ட் வருவதற்கு முன் அந்த இடத்தில் இருந்த சொல் அதுதான். இன்று அது வேலையை விட்டுப் போகும் கடிதம். சம்மதம் என்ற பொருள் உள்ளே எங்கோ கிடக்கிறது.

ரீட் வயல்வயலாக அளக்க வைத்த சீமை இப்போது ஏக்கர் ஏக்கராக மறுபடி கைமாறுகிறது. போச்சம்பள்ளிப் பக்கம் மின்ஸ்கூட்டர் ஆலை, கெலமங்கலம் பக்கம் செல்போன் உதிரிபாக ஆலை. தொழில் தேவைக்கான நிலமெடுப்புக்கு 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. அதிலும் கலெக்டரும் நில உரிமையாளரும் பேசி விலைக்கு உடன்பட ஒரு வழி உண்டு. சூளகிரி வட்டம் உத்தனப்பள்ளியில் 2023இல் விவசாயிகள் சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ரோஜாவும் தக்காளியும் விளையும் மண் அது. அவர்கள் காட்டிய காகிதம் பட்டா. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம் என்று 1796இல் சொல்லப்பட்டதன் இரண்டாம் பாதியைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

ஆண்டுதோறும் கோடையில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. வருடாந்திரக் கணக்கு முடிப்பு. பழைய ரயத்துவாரியின் ஆண்டு செட்டில்மெண்டில் மிஞ்சியிருக்கும் சடங்கு அது. ஷாமியானா போட்டு, அதிகாரி நடுவில் அமர்ந்து, கிராமக் கணக்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். ஜூலையில் பிறக்கும் பசலி ஆண்டு இன்னும் அங்கே புழங்குகிறது. கணக்கைவிட மனுக்கள்தான் அதிகம். தான செட்டில்மெண்டில் வந்த வீட்டுக்குப் பட்டா மாற்ற வந்தவர், யு.டி.ஆரில் போன பெயரைத் திரும்பக் கேட்பவர், கம்பெனி செட்டில்மெண்ட் பணத்தில் 1,200 சதுர அடி மனை வாங்கி உட்பிரிவுக்கு அலைபவர். இந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, பேடரப்பள்ளி அறைகளில் ஷிப்ட் மாற்றி ஒரே பாயில் தூங்கும் இளைஞர்களில் ஒருவரைக்கூட அங்கே பார்த்ததில்லை. அவர்களுடைய மேஸ்திரி ஒப்பந்தம் முடியும் நாளில் ஒரு நோட்டோடு வருவார். அவர்கள் அதை 'ஹிசாப்' என்பார்கள். இருட்டிய பிறகு, ஓசூர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கடை வெளிச்சத்தில் நின்றுகொண்டு, கையிலுள்ள தாளைப் பார்த்து விரல் விட்டு நாட்களை எண்ணுகிறார்கள். எண்ணி முடித்ததும், மறுபடி முதலிலிருந்து.